கடன் வாங்கிக் கட்டும் ஆஸ்பத்திரியில் நமக்குக் கட்டில் உண்டா?

"எல்லோருக்கும் மருத்துவம்" என்று உலகம் முழுவதும் பேசுகிறார்கள். 2012 டிசம்பர் 12 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை இதற்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 2015-ல் உலக நாடுகள் கூடி வகுத்த இலக்குகளில், 2030-க்குள் வைத்தியச் செலவால் எந்தக் குடும்பமும் ஓட்டாண்டியாகாமல் சிகிச்சை பெற வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் ஆலோசனை தருகிறது. உலக வங்கி கடன் தருகிறது. மத்திய சர்க்காரும் மாநில சர்க்கார்களும் சீர்திருத்தம் செய்கிறோம் என்கின்றன. எல்லாம் சரி. தில்லியிலும் பம்பாயிலும் சூரத்திலும் பிழைக்க வந்து கிடக்கும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த "எல்லோரும்" என்ற சொல்லுக்குள் நாம் இருக்கிறோமா?

வேலையற்றவன் கேட்கும் வீண் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2018 அக்டோபர் முதல் தேதி தில்லி குரு தேக் பகதூர் ஆஸ்பத்திரியில் ஒரு புது ஏற்பாடு வந்தது. கட்டில்களில் நூற்றுக்கு 80 தில்லிவாசிகளுக்கே. புறநோயாளிச் சீட்டு எழுதும் 17 ஜன்னல்களில் 13 அவர்களுக்கே. இலவச மருந்தும் அவர்களுக்கு மட்டுமே. தில்லிவாசி என்பதற்கு அத்தாட்சி என்ன? வாக்காளர் அட்டை. காய்ச்சலோடு வந்து நிற்பவனிடம் நாடி பார்ப்பதற்கு முன்னால் அட்டை பார்த்தார்கள். வழக்குப் போட்டார்கள். அக்டோபர் 12 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அரசியல் சட்டம் தரும் சமத்துவத்துக்கும் உயிர் வாழும் உரிமைக்கும் அது விரோதம் என்று தீர்ப்பாயிற்று.

அதோடு முடிந்ததா? 2020 ஜூன் 7 அன்று, கொரோனா உச்சத்தில் இருந்தபோது, தில்லி சர்க்காரின் ஆஸ்பத்திரிகளிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் தில்லிவாசிகளுக்கு மட்டுமே கட்டில் என்று முதல்வர் அறிவித்தார். மறுநாளே துணைநிலை ஆளுநர் அதை மாற்றினார். இரண்டு முறையும் உத்தரவு நிலைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை அந்த நினைப்பு வந்திருக்கிறதே, அதைத்தான் கவனிக்க வேண்டும். கூட்டம் பெருகும்போதெல்லாம் முதலில் வெளியே நிறுத்தப்படுகிறவன் வெளியூர்க்காரன். தில்லியின் மேம்பாலங்களுக்குக் கல் சுமந்தவனும், அதிகாரிகளின் வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவளும் நோய் வந்த அன்றைக்கு வெளியூர்க்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

தில்லி சர்க்காரின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். காஜியாபாத்திலிருந்தும் லோனியிலிருந்தும் விடியற்காலையில் வண்டி பிடித்து வந்து வரிசையில் நிற்கிறவர்களை நாமே பார்க்கிறோம். அவர்கள் ஊரில் ஆஸ்பத்திரி சரியாக இருந்தால் ஏன் வரப் போகிறார்கள்? அரசியல் சட்டப்படி மருத்துவம் மாநிலத்தின் பொறுப்பு. ஒவ்வொரு மாநிலமும் தன் பணப்பையைக் கட்டிக்கொண்டு தன் குடிகளுக்குச் செலவழிக்கிறது. நோயாளி எல்லை தாண்டி வருகிறான். அவனுக்கான பணம் எல்லை தாண்டுவதில்லை. சிக்கலின் வேர் இதுதான். நாட்டு மருத்துவச் சீர்திருத்தம் என்று யார் பேசினாலும், வெளிநாட்டுக்காரன் பேசினாலும் உள்நாட்டுக்காரன் பேசினாலும், இந்த வேரில் கை வைத்தானா என்றுதான் நாம் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு உதவி என்றதும் நம் மேடைகளில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒருவர், எல்லாம் ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என்பார். இன்னொருவர், வெள்ளைக்காரன் வந்து பார்த்தால்தான் நம் ஆஸ்பத்திரிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள் என்பார். இரண்டும் அரை உண்மை. எந்த உதவி எதை விட்டுச் சென்றது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும்.

சுதந்திரத்துக்கு முன்பே தொடங்குவோம். 1943-ல் அமைக்கப்பட்ட போர் குழு 1946-ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. காசில்லை என்ற காரணத்தால் யாருக்கும் தக்க வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்பது அதன் அடிப்படை. அந்தக் குழுவில் சென்னையின் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் ஓர் உறுப்பினர். மருத்துவ வரலாற்று அறிஞர் ஹென்றி சிகரிஸ்ட் 1944-ல் அமெரிக்காவிலிருந்து வந்து யோசனை சொன்னார். யோசனை வெளியிலிருந்தும் வந்தது. முடிவு நம்மவர்கள் எடுத்தது. அதை நிறைவேற்றாமல் போனது நம் சர்க்கார்கள். வெளிநாட்டானைக் குறை சொல்ல அதில் இடமில்லை.

ஈ.எஸ்.ஐ. கதையும் அப்படித்தான். பேராசிரியர் அதார்க்கர் 1944-ல் கொடுத்த திட்டத்தைச் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் இரண்டு நிபுணர்கள் வந்து பரிசீலித்தார்கள். 1948-ல் சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். தொழிலாளி கொஞ்சம், முதலாளி கொஞ்சம் கட்டுகிறார்கள். வைத்தியமும் உண்டு, படுத்திருக்கும் நாளைக்குக் கூலியில் ஒரு பங்கும் உண்டு. நம் விஷயத்துக்கு முக்கியமானது இது: ஈ.எஸ்.ஐ. கார்டு எந்த மாநிலத்துக்காரன் என்று கேட்பதில்லை. மகன் தில்லித் தொழிற்சாலையில் வேலை செய்ய, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் சேலத்தில் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மருந்து வாங்கலாம். எல்லை தாண்டும் வைத்தியம் இந்த நாட்டில் நடக்காத காரியம் என்று சொல்கிறவர்களுக்கு எழுபது ஆண்டுக்கு மேலாக இதுவே பதிலாக இருந்து வருகிறது. குறை என்னவென்றால் அந்தக் கதவு குறுகலானது. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் என்று சம்பள வரம்பு வைத்தார்கள். பத்துப் பேருக்குக் குறைவான கடையில் வேலை செய்பவன் பெரும்பாலும் வெளியே நின்றான். நாலு வீட்டில் வேலை செய்யும் நம் பெண்களுக்கு முதலாளி நாலு பேர். எவரும் முதலாளி இல்லை.

மருந்துக்கு வருவோம். பூனாவுக்கு அருகே பிம்ப்ரியில் 1954-ல் தொடங்கிய சர்க்கார் பென்சிலின் தொழிற்சாலைக்கு உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கை கொடுத்தன. அதற்கடுத்து சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். வந்தது: ரிஷிகேசில் ஒரு தொழிற்சாலை, ஐதராபாத்தில் ஒன்று, அறுவைக் கருவிகளுக்கு நம் சென்னை நந்தம்பாக்கத்தில் ஒன்று. மருந்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல், மருந்து செய்யக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்னால் நம் சர்க்கார்களே அவற்றை நோஞ்சானாக்கிப் படுக்கவைத்தன என்பது வேறு துயரம். அதை இன்னொரு இதழில் பேசலாம்.

இவற்றையெல்லாம்விட நெஞ்சில் நிறுத்த வேண்டிய ஒன்று சென்னையில் நடந்தது. காசநோய் என்றால் ஒரு காலத்தில் தாம்பரம் ஆரோக்கிய நிலையம் என்று அர்த்தம். மாதக்கணக்கில் கட்டிலில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. கூலி வேலைக்காரனுக்கு இதெல்லாம் எங்கிருந்து வரும்? கட்டிலுக்குக் காத்திருந்தே செத்தவர்கள் ஏராளம். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண சர்க்கார், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கின. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை ஆரோக்கிய நிலையத்தில் வைத்தார்கள். மறு பாதிக்கு, நெரிசலான அவரவர் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் மாத்திரை தின்றவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் மாறியது அதற்குப் பிறகுதான். ஐரோப்பாவின் பெரிய ஆரோக்கிய நிலையங்கள் மூடப்படுவதற்கு நம் சென்னைக் கூலித் தொழிலாளி தின்ற மாத்திரையும் ஒரு காரணம். உதவி அவர்களிடமிருந்து நமக்கு மட்டும் வந்தது என்று யாராவது சொன்னால், சேத்துப்பட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அந்த வழியில் வந்த காசநோய்த் திட்டம் இன்று நமக்கு ஒரு சாட்சி. 1997-ல் அதற்கு உலக வங்கிக் கடனும் வந்தது. மாத்திரை இலவசம். நிக்ஷய் என்ற கணக்கில் நோயாளிக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். தில்லியில் மருந்து தொடங்கியவன் ஊருக்குப் போனால் விழுப்புரத்தில் தொடரலாம். சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்தது 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாயிற்று. பணம் வருவதில் தாமதம், சில மாதங்களில் மாத்திரைத் தட்டுப்பாடு என்று குறைகள் உண்டு. ஆனாலும் தொழிலாளி போகுமிடத்துக்கு வைத்தியம் பின்னால் போகிறது. தொற்றுநோய் என்பதால் சர்க்காருக்குப் பயம். பயம் இருக்கிற இடத்தில் எல்லை மறைந்துவிடுகிறது!

இனி உதவியின் மறுமுகம். 1978 செப்டம்பரில் சோவியத் நாட்டின் அல்மா ஆட்டாவில் 134 நாடுகள் கூடி, 2000-க்குள் அனைவருக்கும் ஆரோக்கியம் என்று பிரகடனம் செய்தன. கிராமத்து, பேட்டைத்து ஆரம்ப சுகாதார நிலையம்தான் அஸ்திவாரம் என்றன. ஒன்பது ஆண்டு கழித்து, 1987-ல், உலக வங்கி தன் கொள்கை அறிக்கையில், ஆஸ்பத்திரிக்கு வருகிறவனிடம் கட்டணம் வாங்குங்கள் என்று ஏழை நாடுகளுக்கு யோசனை சொன்னது. 1993 அறிக்கையில், சர்க்கார் ஒரு சில அத்தியாவசியச் சிகிச்சைகளோடு நின்று மற்றதில் தனியாருக்கும் இடம் விட வேண்டும் என்றது. 1991-ல் அன்னியச் செலாவணி தீர்ந்து கடனுக்குக் கையேந்திய இந்தியா இந்த யோசனைகளைக் காதில் வாங்கிக்கொள்ளும் நிலையில் இருந்தது. 1994-ல் ஆந்திராவுக்கும், 1996-ல் கர்நாடகம், பஞ்சாப், மேற்கு வங்காளத்துக்கும் ஆஸ்பத்திரிச் சீரமைப்புக் கடன் வந்தது. கட்டடம் வந்தது, கருவிகள் வந்தன. கூடவே கட்டணச் சீட்டும் வந்தது. ஏழைகளுக்கு விலக்கு உண்டு என்றார்கள். ஏழை என்று நிரூபிக்க ரேஷன் கார்டு வேண்டும். அந்த ஊர் ரேஷன் கார்டு நம்மிடம் ஏது?

2013-ல் உலக வங்கியின் அன்றைய தலைவர் ஜிம் யாங் கிம், ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவையில் நின்று, சிகிச்சை வாசலில் கட்டணம் வாங்குவது அநியாயம், தேவையுமில்லை என்று பேசினார். நல்ல வார்த்தை. இருபத்தாறு ஆண்டு தாமதமாக வந்த நல்ல வார்த்தை. அந்த இருபத்தாறு ஆண்டில் சீட்டுக்கும் ஸ்கேனுக்கும் தாலியை அடகு வைத்தவர்களுக்கு எந்த வங்கியும் வட்டி கட்டப் போவதில்லை.

இன்றைய கடன்களுக்கு வேறு முகம். 2019-ல் தமிழ்நாட்டு மருத்துவச் சீர்திருத்தத்துக்கு 28 கோடியே 70 லட்சம் டாலர் கடனை உலக வங்கி அனுமதித்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய். அதற்கு முன்பே 2005-ல் தொடங்கிய கடன் திட்டத்தில்தான் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் உருவாயிற்று; அதை யாரும் குறை சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் மத்திய சர்க்காருக்கு நூறு கோடி டாலர். தமிழ்நாட்டுக் கடனில் ஒரு புதுமை உண்டு. செங்கலுக்கும் சிமெண்டுக்கும் பில் கொடுத்துப் பணம் வாங்குவதில்லை. ஒத்துக்கொண்ட பலனைக் காட்ட வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகே பணம். எத்தனை ஆஸ்பத்திரிகள் தரச் சான்று பெற்றன, ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தன, பின்தங்கிய மாவட்டங்களில் தாய் சேய் நலம் எப்படி என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

இது நல்ல முறை என்பதே என் எண்ணம். அதனால்தான் கேட்கிறேன். பலனைக் காட்டினால்தான் பணம் என்றால், அந்தப் பலன்களின் வரிசையில் இன்னொரு வரி ஏன் கூடாது? வெளி மாநிலத்தில் பிழைக்கும் இத்தனை குடும்பத்துக்கு, இருக்கிற ஊரிலேயே, கைக்காசு இல்லாமல் சிகிச்சை கிடைத்தது என்று ஒரு வரி. திருப்பூரில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளிக்கும் அதே வரி. அவனுக்குத் தமிழ்நாட்டில் கேட்காததை நமக்குத் தில்லியில் கேட்க நமக்கு வாயில்லை. கடனைத் திருப்பிக் கட்டும்போது இந்தியக் குடிமக்கள் அனைவரும் சேர்ந்துதானே கட்டுகிறோம்? நாம் வாங்கும் தீப்பெட்டியிலும் சோப்புக் கட்டியிலும் வரி இருக்கிறது. கடைக்காரன் எந்த மாநிலம் என்று கேட்டு வரி போடுவதில்லை.

கார்டு கொடுத்துவிட்டோமே என்பார்கள். 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு தருகிறது. சேர்ந்திருக்கும் மாநிலங்களுக்குள் கார்டு எல்லை தாண்டும். இது உண்மையான முன்னேற்றம், ஒத்துக்கொள்வோம். தில்லி 2025 ஏப்ரலில்தான் சேர்ந்தது. ஆனால் பயனாளிகள் பட்டியலின் அடிப்படை 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கு. பட்டணத்தில் வீட்டு வேலைக்காரர், கட்டடத் தொழிலாளர், குப்பை பொறுக்குபவர் என்று நம்மைப் போன்றவர்களின் தொழிலைப் பேர் சொல்லி அதில் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்தும் என்ன பயன்? கணக்கெடுக்க வந்த அன்றைக்கு ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. இங்கே குடிசைக் கதவைத் தட்டியபோது நாம் வேலைக்குப் போயிருந்தோம். அப்படி இரண்டு இடத்திலும் விட்டுப்போன குடும்பங்கள் எத்தனை! 2011-க்குப் பிறகு கல்யாணமாகி வந்தவர்களின் கதை என்ன? தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டில் மட்டும் பேர் உள்ள குடும்பம் அந்த அட்டையைத் தில்லி ஆஸ்பத்திரியில் நீட்டியதும் கட்டில் கிடைத்துவிடாது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. இந்தக் கார்டு ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பேசும். இருமல், முதுகுவலி, சர்க்கரை மாத்திரை, பிள்ளைக்குக் காய்ச்சல், பல்வலி என்று நம் வீட்டுக் காசு மாதா மாதம் கரைவது படுக்காத நோய்களுக்குத்தான். சர்க்கார் கணக்குப்படியே 2021-22-ல் நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் நூற்றுக்கு 39.4 ரூபாய் மக்கள் தங்கள் மடியிலிருந்து கொடுத்தது. 2013-14-ல் அது 64.2 ஆக இருந்தது; குறைந்திருக்கிறது, சந்தோஷம். இன்னும் ஐந்தில் இரண்டு பங்கு நம் முடிச்சிலிருந்துதான் போகிறது. 2017-ல் வகுத்த தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் நாட்டு வருமானத்தில் 2.5 விழுக்காட்டைச் சர்க்கார் சுகாதாரத்துக்குச் செலவழிக்கும் என்றது. 2021-22-ல், அதுவும் கொரோனா காலத்தில், அது 1.84 தான்.

இங்கே தில்லித் தமிழர்கள் மறக்க முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025 ஜூன் முதல் தேதி ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. பாரபுல்லா வாய்க்காலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவின்படி ஏறத்தாழ 370 வீடுகள் தரைமட்டமாயின. 189 குடும்பங்களுக்கு மட்டும் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அதுவும் நகரத்தின் மறுகோடியில், நரேலாவில். வீடு போனால் வீடு மட்டுமா போகிறது? அந்த முகவரியில் எழுதியிருந்த ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி, மாதா மாதம் பார்த்து எழுதிக் கொடுக்கும் டாக்டர் எல்லாம் போகிறது. முகவரியை ஆதாரமாக வைத்துக் கட்டிய எந்த மருத்துவத் திட்டமும், முகவரியை இடிக்கும் புல்டோசர் வந்த அன்றே இடிந்து விழும்.

வேறு நாட்டில் எப்படிச் செய்தார்கள்? தாய்லாந்து 2002-ல் சட்டம் போட்டு, வரிப்பணத்தைக் கொண்டே நாட்டுக் குடிகள் எல்லோருக்கும் வைத்தியம் என்று ஏற்படுத்தியது. தொடக்கத்தில் ஒரு தடவைக்கு 30 பாட் கட்டணம். அதனால் முப்பது பாட் திட்டம் என்றே பேர். நம் அளவுக்குக்கூடப் பெரிய நாடில்லை, அன்றைக்குப் பணக்கார நாடும் இல்லை. தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை நம்பாமல், மாவட்ட ஆஸ்பத்திரியையும் கிராமச் சுகாதார நிலையத்தையும் பல ஆண்டுகள் முன்பிருந்தே கட்டி வைத்திருந்தார்கள். அதன்மேல் இதை ஏற்றினார்கள். உலக சுகாதார நிறுவனம் இன்று மற்ற நாடுகளுக்குக் காட்டும் மாதிரிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அங்கேயும் நம் சிக்கல் இருந்தது. வடகிழக்கு ஈசான் பகுதியிலிருந்து பாங்காக்குக்கு வேலைக்கு வந்தவன் ஊரில் பதிவு செய்த ஆஸ்பத்திரியில்தான் வழக்கமான வைத்தியம் பார்க்க முடியும். 2024 ஜனவரியில்தான் நான்கு மாகாணங்களில், அடையாள அட்டை ஒன்றைக் காட்டி எங்கே வேண்டுமானாலும் வைத்தியம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கி, பிறகு நாடு முழுக்க விரித்தார்கள். பர்மாவிலிருந்து வந்த தொழிலாளி இன்னும் தனிக் கார்டு விலை கொடுத்து வாங்க வேண்டும். மெச்சப்படும் மாதிரியிலேயே புலம்பெயர்ந்தவனின் முறை கடைசியில் வந்தது. நாம் சும்மா இருந்தால் இங்கே அது வராமலும் போகலாம்.

நடக்கக்கூடியதுதானா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேஷன் அரிசி எல்லை தாண்டுமா என்றுகூட ஒரு காலத்தில் கேட்டார்கள். 2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்து செத்த பிறகு, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒரே மாதத்தில் செய்து முடியுங்கள் என்று மாநிலங்களுக்குக் கெடு வைத்தது. 2022-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. ஊர் ரேஷன் கார்டில் இன்று தில்லிக் கடையில் தானியம் வாங்கலாம். கோதுமைக்குச் செய்த கணக்கைக் குளுக்கோஸ் பாட்டிலுக்குச் செய்ய முடியாதா? எந்த மாநில நோயாளியைப் பார்த்தாலும் அந்த ஆஸ்பத்திரிக்கு மத்தியிலிருந்து பணம் தானாக வந்து சேரும் என்று ஒரு பொது நிதி இருந்தால், தில்லியின் சுமை என்ற வாதமும் ஓய்ந்துவிடும்; ஜன்னலில் இருக்கும் குமாஸ்தா நம் அட்டையைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியமும் இராது.

சட்டமே இல்லாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1979-ல் வந்த மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், அழைத்து வந்த காண்டிராக்டர் இலவச மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. நாற்பது ஆண்டுக்கு மேல் அந்தச் சட்டம் இருந்தது. சாரத்திலிருந்து விழுந்தவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனைக் கட் செய்யும் மேஸ்திரியும் இருந்தான். 2025 நவம்பரில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தச் சட்டம் அவற்றுக்குள் கரைந்துவிட்டது. தொகுப்பின் கீழ் வரும் விதிகளில் நமக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைச் சங்கங்கள் வரி வரியாகப் படித்தாக வேண்டும்.

வெளிநாட்டுக் கையை நம்பி உட்கார்ந்திருக்கும் காலமும் இதுவல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி உலக சுகாதார நிறுவனத்தை விட்டு விலக உத்தரவு போட்டார். அதே ஆண்டில் அந்நாட்டு உதவி நிறுவனத்தை மூடினார்கள். ஆப்பிரிக்காவில் எத்தனையோ எயிட்ஸ் மருந்தகங்களின் கதவு அதனால் அடைபட்டது. இந்தியாவின் மருத்துவச் செலவில் வெளிநாட்டு உதவி மிகச் சிறிய பங்குதான். ஆகவே நமக்கு அந்த ஆபத்து குறைவு. அதே காரணத்தால் நம் சர்க்காருக்குச் சாக்கும் குறைவு. உலக வங்கி நிபந்தனை போட்டது, ஜெனீவா சொன்னது என்று யாரும் கை கழுவ முடியாது. ஏறக்குறைய எல்லாமே நம் பணம்.

தமிழ்நாட்டின் 39 லோக்சபா உறுப்பினர்களும் கூட்டத்தொடர் நடக்கும் நாளெல்லாம் நம் குடியிருப்புகளிலிருந்து சில மைல் தூரத்தில்தான் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் சமைப்பவர்களிலும் நம்மவர் இருக்கக்கூடும். பொங்கல் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதோடு இந்த முறை விட்டுவிடாமல், மூன்று கேள்விகளை எழுதிக் கையில் கொடுப்போம். தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை தில்லியின் எந்தெந்த ஆஸ்பத்திரியில் செல்லும், பட்டியல் எங்கே? 2011 கணக்கில் விட்டுப்போன குடும்பத்தை இங்கேயே, இருக்கிற இடத்திலேயே சேர்க்க முகாம் எப்போது? அடுத்த உலக வங்கிக் கடனில் கையெழுத்துப் போடும்போது வெளி மாநிலத் தொழிலாளிக்கு என்று ஒரு வரி சேர்ப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்கி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். வந்த பதிலையும், வராத பதில் யாருடையது என்பதையும் பேரோடு வெளியிடுவோம்.